புடவை என்ன நிறம் என்று கேட்டீர்களா?

தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் திருவண்ணாமலையிலிருந்து மணலூர்பேட்டை வருவார். தென்பெண்ணைக் கரையில் நிற்க இடம் இருக்காது. திருவிழாவுக்கு வந்த தம்பி மகன், பாட்டியின் கல்யாணப் படத்தைக் கைபேசியில் எடுத்து அரை நிமிடத்தில் கலராக்கிக் காட்டினான். எல்லோரும் வாய் பிளந்தோம், அத்தையைத் தவிர.

"அம்மாவோட கூறை அரக்குடா. பெட்டியில வச்சிருந்தத நானே பாத்திருக்கேன். இதுல நீலமா இருக்குது. பொட்டு கறுப்பு, தாலிக் கயிறு வெள்ளை. இது யார் வூட்டுப் பொண்ணு?"

அத்தை சொன்னதில் தொழில்நுட்பமே அடங்கியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சமும் நிழலும்தான் உண்டு. அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்துவிடும். பழைய பிலிம்கள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. குங்குமம் அதில் கரும்புள்ளிதான். மென்பொருள் நிறத்தைக் கண்டுபிடிப்பதில்லை, ஊகிக்கிறது. 2016-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து லட்சத்துக்கும் அதிகமான வண்ணப் படங்களைக் காட்டி இப்படியொரு மென்பொருளைப் பழக்கினார்கள். வண்ணப் படத்தைச் சாம்பலாக்கிக் கொடுத்து, போன நிறத்தைச் சொல்லச் சொல்வதுதான் பாடம். வானம், புல் என்றால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். புடவைக்கு எந்த நிறமும் இருக்கலாமே! மஞ்சள் பூசிய முகத்தை அது எத்தனை படத்தில் பார்த்திருக்கும்?

படத்துக்கு வண்ணம் ஏற்றுவது நமக்குப் புதிதல்ல. அந்தக் கால ஸ்டுடியோக்களில் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். அவர்களும் மாநிறத்தைச் சிவப்பாக்கிப் பொய் சொன்னவர்கள்தான். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் இருந்தார். புடவை என்ன நிறம் என்று கேட்க முடிந்தது. 1957-இல் வந்த தெலுங்கு 'மாயாபஜார்' 2010-இல் வண்ணமேறி வெளியானபோதும், எந்த நகைக்கு எந்த நிறம் என்று மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

கேட்காமல் செய்வதன் விபரீதத்தை 2021-இல் உலகம் பார்த்தது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு ஒருவர் வண்ணம் ஏற்றினார். சில முகங்களில் இல்லாத சிரிப்பும் சேர்ந்திருந்தது. குடும்பங்கள் கொதித்தன. வெளியிட்ட இதழ் கட்டுரையை நீக்கியது.

கலராக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் பாட்டியை உற்றுப் பார்க்க அதுவும் ஒரு வழி. முதலில் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் நிறத்தைப் படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். அசல் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கலராக்கிய பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, நிறம் பின்னால் சேர்த்தது என்று ஒரு வரி போடுங்கள்.