'குரோனிக்' என்பது காலத்தின் பெயர்

ஆங்கிலத்தில் நெடுநாள் நட்பை 'லாங் ஸ்டாண்டிங்' என்பர். நெடுநாள் நோயைக் 'குரோனிக்' என்பர். இரு சொற்களும் கால நீட்சியையே குறிக்கின்றன. ஆயினும் மருத்துவ அறிக்கையில் 'குரோனிக்' என்று கண்டதும், நோய் முற்றிவிட்டதாகவே பலரும் அஞ்சுகின்றனர்.

காலத்தைக் குறிக்கும் 'குரோனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே இதன் வேர். சிறுநீரகப் பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதனைக் 'குரோனிக் கிட்னி டிசீஸ்' என்கிறோம். சிறுநீரகம் எந்த அளவு செயல்படுகிறது என்பதை 1 முதல் 5 வரையிலான நிலைகளே காட்டும். 2ஆம் நிலையில் உள்ளவருக்கும் 5ஆம் நிலையில் உள்ளவருக்கும் நோயின் பெயர் ஒன்றே, சிகிச்சை வேறு.

எனவே, இதனைத் 'தீராத நோய்' என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. அச்சொல் கேட்டு மனமுடைந்து மருந்தை நிறுத்துவோர் உண்டு. 'நாள்பட்ட நோய்' என்பதே பொருத்தமானது. ஆனால் அச்சம் வேண்டாம் என்பதற்காக அலட்சியமும் கூடாது. தொந்தரவு ஏதும் தெரியாதபோதும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால், சிறுநீரகம் மேலும் பழுதடைவதைத் தாமதப்படுத்த இயலும்.

நோய் நீடிக்கும் காலமெல்லாம் மருந்தும் பரிசோதனையும் குடும்பத்தாரின் துணையும் நீடிக்க வேண்டும். அடுத்த முறை இச்சொல்லைக் கேட்டால், "இது எந்த நிலை? இனி நாங்கள் செய்ய வேண்டியது என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள். விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.