பெரிய டாக்டர் எங்கே?

நான் வைத்தியம் படித்தவனல்ல, இண்டர்மீடியட்டோடு நின்றவன். ஆனாலும் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. நோயாளியாவதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லையே!

1984-இல் நியூயார்க்கில் 18 வயதுக் கல்லூரிப் பெண்ணொருத்தி காய்ச்சலோடு பெரிய போதனா ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்தாள். மறுநாள் காலை பிணமானாள். இரவு அவளைக் கவனித்தவர்கள் பயிற்சி டாக்டர்கள் இருவர். பெரிய டாக்டர் டெலிபோனில் யோசனை சொன்னார்.

நாடே கொதித்தது. பயிற்சி டாக்டருக்கு வாரத்தில் 80 மணிக்கு மேல் வேலை கூடாதென்று 1989-இல் அந்த மாகாணத்திலும், 2003-இல் அமெரிக்கா முழுவதும் விதி வந்தது. நல்லதுதான். ஆனால் விசாரணைக் குழுத் தலைவர் பெர்ட்ராண்ட் பெல் மன்றாடியது வேறு: மணிக் கணக்கைவிட முக்கியம் மூத்தவர்களின் மேற்பார்வை என்றார் அவர். கடிகாரத்தைத் திருத்துவது சுலபம். பேராசிரியரை நடுநிசியில் எழுப்புவதுதான் கஷ்டம்!

கிணற்றில் தள்ளினால்தான் நீச்சல் வரும் என்று சிலர் வாதிக்கிறார்கள். சரி, ஐயா! ஆனால் இங்கே மூழ்குகிறவன் நீந்தப் பழகுகிறவனல்ல, நோயாளி.

1889-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தபோது மருத்துவப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் வில்லியம் ஆஸ்லர். டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயிலும் முறையை வளர்த்தவர். நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பித்ததையே தம் வாழ்நாள் பெருமையாகக் கருதியவர். அவர் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டால் போதுமா?

ஒரு துறைத் தலைவரின் பட்டங்களை எண்ணாதீர்கள். இரவு இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்த சின்ன டாக்டர் அவரைப் பயமின்றிக் கூப்பிட முடிகிறதா என்று கேளுங்கள். முடியாதென்றால், அங்கே ஆசிரியர் இல்லை; சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.