எஞ்சின் ஓடாத ஏரி

மின்னசோட்டாவுக்குப் படிக்க வந்தவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹீட்டரைக் கட்டிக்கொண்டு கிடப்பவர்கள் ஒரு ரகம். இந்தக் குளிரில் அப்படி என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று இன்னும் வடக்கே கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டு வருடம் நான் முதல் ரகம். போன பிப்ரவரியில் அறைத்தோழர்கள் இருவர் இழுத்துக்கொண்டு போனதில் கட்சி மாறிவிட்டேன்.

போன இடம் ஈலி. மினியாபொலிஸிலிருந்து காரில் நான்கு மணி நேரம், கனடா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டினால் பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதி. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். கோடையில் துடுப்புப் படகோடு வருகிற கூட்டம் அதிகம் என்பதால், மே முதல் செப்டம்பர் வரை இரவு தங்க ஒரு நாளைக்கு இத்தனை குழுதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அக்டோபர் பிறந்தால் அந்தக் கணக்கு இல்லை. அனுமதிப் படிவத்தை நாமே எழுதிக்கொண்டு உள்ளே போகலாம். போகத்தான் ஆள் இல்லை!

நண்பன் ஒருவனுக்கு ஸ்னோமொபைல் ஓட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. பனியில் ஓடும் மோட்டார் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குப் போகும் ஓரிரு வழிகளைத் தவிர இந்த வனத்துக்குள் அதற்குத் தடை என்று தெரிந்ததும், போகும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். "உறைஞ்சு கிடக்கிற ஏரிடா. அதுமேல வண்டி ஓட்டினா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டான். அப்போது எனக்கும் பதில் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன்.

ஃபெர்ன்பெர்க் சாலை முடிகிற இடத்தில் இருக்கும் ஏரிக்குப் பெயர் லேக் ஒன். அடுத்தடுத்து லேக் டூ, த்ரீ, ஃபோர். (பெயர் வைத்தவருக்கு அன்று என்ன அவசரமோ!) அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, வாடகைக்கு எடுத்த பனிக்காலணியை மாட்டிக்கொண்டு ஏரியின் மேல் நடந்தோம். குளிர் மைனஸ் இருபத்தைந்து டிகிரி. இந்த வட்டாரத்துக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. பக்கத்தில் டவர் என்கிற ஊரில் 1996 பிப்ரவரி 2ஆம் தேதி மைனஸ் 51 டிகிரி பதிவாகியிருக்கிறது. மின்னசோட்டாவில் இன்றுவரை அதுதான் சாதனை. நடந்து போக நான்கு அங்குலப் பனிக்கட்டி போதும் என்கிறது மாநில இயற்கை வளத்துறை. எங்கள் காலடியில் அதைவிடப் பலமடங்கு இருந்தது. ஆனாலும் இந்த ஏரிக்குள் கவிஷிவி ஆறு ஓடுகிறது. நீரோட்டம் உள்ள இடத்தில் பனிக்கட்டி மெலிதாக இருக்கும், கரை குறுகும் பக்கம் போகாதீர்கள் என்று காலணி கொடுத்த பெரியவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அரைமணி நேரம் நடந்து நின்றோம். அப்போதுதான் அந்த அமைதி உறைத்தது. பறவை இல்லை, இலை அசையவில்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது என்று சொன்னால் மிகை என்பீர்கள், ஆனால் உண்மை. திடீரென்று காலடியில் "டூம்" என்று ஒரு சத்தம் கிளம்பி, ஏரியின் மறுகரை வரை ஓடி அடங்கியது. மூன்று பேரும் சிலையாகிவிட்டோம். பயப்பட ஒன்றுமில்லையாம். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் பனிக்கட்டி விரிந்து சுருங்கி விரிசல் விடுகிற ஓசை அது. அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏரி பேசிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு எஞ்சின் ஓடியிருந்தாலும் இதில் எதுவும் எங்கள் காதில் விழுந்திருக்காது. நண்பன் கேட்ட நஷ்டம் இதுதான்.

ஆனால் இதோடு முடித்தால் நான் பாதிக் கதைதான் சொன்னவனாவேன். இந்த அமைதி இயற்கை கொடுத்தது என்று நினைத்துத்தான் நான் திரும்பினேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இது சட்டம் போட்டு உண்டாக்கிய அமைதி. அந்த வனத்தின் மேல் 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது என்று 1949இல் ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டார். 1978 அக்டோபரில் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் பெரும்பாலான ஏரிகளில் மோட்டாரை நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் ஏரிக்கரையில் இருந்த விடுதிகளையும் குடில்களையும் அரசு ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி அப்புறப்படுத்தியது.

ஈலி சுரங்க ஊர். அங்கே கடைசி இரும்புச் சுரங்கம் 1967இல் மூடப்பட்டது. சுரங்கம் போய்ப் பத்தே வருடத்தில் மோட்டாரும் போகிறது என்றால் ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 1977இல் ஈலியில் நடந்த பொது விசாரணையின்போது சிகர்ட் ஓல்சனின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவர் வெளியூர்க்காரர் அல்ல. அதே ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்தியவர், இந்த ஏரிகளைப் பற்றியே புத்தகங்கள் எழுதியவர். தன் ஊரில் தன் உருவம் தொங்குவதைப் பார்த்த பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1982 ஜனவரியில், 82 வயதில், வீட்டுக்குப் பக்கத்தில் பனிக்காலணியோடு நடந்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார்.

நைஃப் ஏரியில் தனியாக வாழ்ந்த டோரதி மோல்டர் கதை இன்னொன்று. நர்ஸ் வேலைக்குப் படித்தவர். குளிர்காலத்தில் ஏரியிலிருந்து பனிக்கட்டி அறுத்துச் சேமித்து, கோடையில் படகோட்டி வருகிறவர்களுக்குக் குளிர்ந்த ரூட் பியர் கொடுப்பார். அவரையும் வெளியேறச் சொன்னார்கள். ஊரே திரண்டு எதிர்த்ததால் ஆயுள் வரை இருக்கலாம் என்று விட்டார்கள். 1986 டிசம்பரில் இறந்தார். அவருடைய குடிலைப் பிரித்து, உறைந்த ஏரிகள் வழியாகவே ஈலிக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஒஜிப்வே மக்களைக் கேட்டால் இந்த இரண்டு தரப்புமே நேற்று வந்தவர்கள். 1854 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள். வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு என் கருத்து என்ன? தடை சரிதான். மின்னசோட்டாவில் ஸ்னோமொபைலுக்கென்றே 35,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது. சத்தமே இல்லாத இடம் என்று பார்த்தால் இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பது நியாயம். அதற்கு நாய்கள் இருக்கின்றன. உட்கார்ந்துகொண்டே உள்ளே போய்வரலாம், ஈலியில் அது பலருக்குப் பிழைப்பு. ஆனால் அமைதியை அனுபவிப்பது என்னைப் போன்ற நகரத்து ஆட்கள், விலை கொடுத்தது ஈலிக்காரர்கள். ஆகவே "மனிதன் கை படாத இயற்கை" என்று பரவசப்பட்டு எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ரொட்டியும் தண்ணீரும் காரில் நிறைத்துக்கொண்டு போய், ஊரில் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் திரும்புவதும் சரியில்லை. (நாங்கள் முதல்முறை அதைத்தான் செய்தோம். காலணி வாடகை மட்டும் விதிவிலக்கு.) கோடையில் எல்லோரும் வருகிறார்கள். ஊருக்கு ஆள் தேவைப்படுவது ஜனவரியில்.

ஆனால் அந்த ஜனவரியை நம்ப முடியவில்லை. கடந்த ஐம்பது வருடத்தில் இந்த மாநில ஏரிகள் உறைந்திருக்கும் காலம் சராசரியாகப் பத்து முதல் பதினான்கு நாள் குறைந்திருக்கிறது. சுப்பீரியர் ஏரிக்கரையோரம் நாய்வண்டியில் தபால் கொண்டுபோன ஒஜிப்வேக்காரர் ஜான் பியர்கிரீஸின் பெயரில் நடக்கும் நாய்வண்டிப் பந்தயம், 2024இல் பனி இல்லாமல் ரத்தானது.

வருகிற ஜனவரி கடைசியில் மறுபடியும் போகிறோம். இந்தமுறை தங்கல் ஈலி விடுதியில், ஒரு நாள் நாய்வண்டி. நண்பன் இன்னும் முழுதாக மனம் மாறவில்லை. வனத்துக்கு வெளியே ஒரு நாள் அவனோடு ஸ்னோமொபைலில் ஏற வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். ஏரி உறைந்துவிட்டதா என்று தினமும் வானிலைப் பக்கத்தைப் பார்ப்பதும் அவன்தான்.