பூச்சியம் எண்டால் ஆள் இல்லை எண்டு அர்த்தமில்லை

பைத்தானில் வெப் அப் செய்யப் பழகும் எங்கட ஆக்களுக்கு முதற்பாடம் ஒன்றுதான்: ஒரு மாடல், அதில் பெயர், முகவரி. சேவ் பண்ணு, ஃபில்டர் பண்ணு, முடிஞ்சுது. அந்தப் பாடத்தை அப்படியே காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரங்களைச் சேர்க்க ஜாங்கோவில் ஒரு சின்ன அப் எழுதினோம். முகவரிக்கு ஒரே ஒரு பெட்டி. காங்கேசன்துறை என்று பதிந்த அம்மா ஒருவர் இப்ப இருக்கிறது மல்லாகத்தில். எங்களில் ஒருவர் முகவரியைத் திருத்தி சேவ் பண்ணினார். பழைய ஊர் போய்விட்டது. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. உயர் பாதுகாப்பு வலயத்தால் அந்த அம்மாவின்ர மனதிலிருந்து அழிக்க முடியாத ஊரை, எங்கட கோட் ஒரு வரியில் அழித்துவிட்டது.

இடம்பெயர்ந்த சனத்துக்கு முகவரி என்பது ஒரு சொல் இல்லை, ஒரு வரலாறு. அதற்குத் தனி அட்டவணை வேண்டும்: ஆள், ஊர், எந்த ஆண்டு முதல், எந்த ஆண்டு வரை. இடம் மாறினால் பழைய வரியில் கை வைக்காமல் புதுவரி சேர்க்க வேண்டும். அப்பதான் "1990இல் காங்கேசன்துறையில் இருந்தவை ஆர்?" என்று கேட்கவே முடியும்.

தேடுறதும் இதே கதைதான். கொல்லங்கலட்டி என்று தேடினோம், பூச்சியம். பட்டியலில் அந்த ஊர் கண்ணுக்கு முன்னால கிடக்குது! யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டாவின் நோர்மலைஸை, சேவ் பண்ண முதலும் தேட முதலும் ஓட விட்டால் சரி. கேகேஎஸ் என்று பதிந்தவர்களைப் பிடிக்க, ஊருக்கு மாற்றுப் பெயர் அட்டவணையும் வேண்டும்.

"சின்ன புரொஜெக்டுக்கு இவ்வளவு தேவையோ?" என்று கேட்பினம். காணி கட்டம் கட்டமாகத்தான் விடுபடுது, இன்னும் முழுக்க விடுபடவில்லை. நாளைக்கு யாராவது எங்கட பட்டியலைப் பார்த்து "இப்படி ஒரு குடும்பம் இல்லையே" என்றால், அந்தப் பொய்யை எழுதினது நாங்கள்தான்.

அதனால் ஒன்று சொல்லுறம். "பதிவு இல்லை" என்று திரையில் எழுதாதேங்கோ. "எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எழுதுங்கோ. உண்மை அதுதான்.