வீட்டின் வாசகர்

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் வரை அனைவருக்கும் ஓர் ஊசி. ஆனால், ஊசிக்கு முன்பே வதந்தி பள்ளிகளை எட்டிவிட்டது. வாட்ஸ்அப் எனும் புலனத்தில் பரவிய செய்திகளை நம்பிப் பெற்றோர் பலர் ஒப்புதல் தர மறுத்தனர். முகாமின் காலத்தை அரசு நீட்டிக்க நேர்ந்தது.

ரூபெல்லா, சிறுவர்க்குப் பெரும்பாலும் எளிய காய்ச்சலாக வந்துபோகும். கருவுற்ற பெண்ணைத் தொடக்க மாதங்களில் தாக்கினாலோ, பிறக்கும் குழந்தையின் செவி, கண், இதயம் ஆகியவற்றைக் குலைத்துவிடக்கூடும். அன்று ஊசியைத் தவிர்த்த ஏழாம் வகுப்பு மாணவி, இன்று தாயாகும் பருவத்தினள்.

கற்றோர் மிகுந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 1998இல் இங்கிலாந்தின் ‘லான்செட்’ இதழ், பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்துத் தடுப்பூசியை மதியிறுக்கத்தோடு இணைத்த கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அதைத் திரும்பப் பெற 2010 வரை ஆயிற்று.

பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் மேலூர்ப் பகுதியின் பல வீடுகளில், வீட்டின் வாசகர் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைதான். எழுத்துக்கூட்டத் தடுமாறும் அப்பத்தாவுக்குச் செய்தியைப் படித்துச் சொல்வதும், அதை மாமன் வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் அப்பிள்ளையே. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் போதும் என்பார் உளர். கைப்பேசி பிள்ளையுடையதன்று, வீட்டினுடையது. பிள்ளை விலகினாலும் பொய் விலகாது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் பாடவேளையிலேயே இதற்கு இடம் ஒதுக்குதல் தகும். கணினி ஆய்வகம்கூட வேண்டியதில்லை. வந்த செய்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார், எதை விற்க முயல்கிறார் என வகுப்பே வினவட்டும். ‘மருத்துவர் ஒருவர்’ என்பது பெயரன்று. நாளிடாத செய்தியோ ஆண்டுதோறும் புதிதாய்ப் பிறக்கும்! ஐயம் தீராவிடில் 104 என்னும் மருத்துவ உதவி எண் உண்டு. கிராமச் சுகாதாரச் செவிலியர் உண்டு.

இப்பயிற்சி அப்பத்தாவை எள்ளி நகையாடக் கற்றுத்தரலாகாது. சளிக்கு அவர் தரும் சுக்குக் கசாயத்தால் கேடில்லை. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிக்கச் சொல்லும் செய்தியாலோ உயிருக்கே கேடு. “அப்பத்தா, மாத்திரைய நிறுத்திராத, நாளைக்கு நர்சம்மாகிட்டக் கேப்போம்” என்று தடுக்கும் பன்னிரண்டு வயதுப் பேரப்பிள்ளையின் சொல்லை அவர் பெரும்பாலும் தட்டமாட்டார்.