ஒயில் ஊத்தினால் பிரேக் திருந்தாது



கடந்த கிழமை காலை 7.20 இருக்கும். பாடசாலை வாசலில் வழமையான நெரிசல். ஒரு தகப்பன் பைக்கில் வருகிறார். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு, புத்தகப் பைகள் வேறு. பைக் நிற்கவில்லை. கேற்றில் முட்டித்தான் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை. ஒரு சாப்பாட்டுப் பெட்டி மட்டும் கீழே விழுந்து திறந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். முன் பிரேக் லீவர் ஹேண்டில் வரைக்கும் போய் ஒட்டுகிறது. லீவருக்கு அடியில் ஈரம்.

"ஒண்டும் இல்ல சேர். ஒயில் கொஞ்சம் குறைஞ்சிட்டு. ஊத்தினாச் சரி" என்றார்.

அவரை ஏச எங்களுக்குத் தகுதி இல்லை. எங்கள் வீட்டுப் பழைய 150 சீசீ பைக்கையும் நாலு மாதம் இப்படித்தான் ஓட்டினோம். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் மூடியைக் கழற்றுவது, ஊத்துவது, மூடுவது. டேங்கில் சொட்டிய இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்த பிறகுதான் கவலை வந்தது. அதுவும் பெயின்டைப் பற்றிய கவலை!

நாங்கள் சமாளித்துப் பழகியவர்கள். 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. 2022 இல் பெற்றோலுக்குக் கியூஆர் கோட் காட்டி வரிசையில் நின்றோம். இருக்கிற பைக்கைக் கட்டியும் ஒட்டியும் ஓட்டினோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிழிந்த சீட்டைத் தைக்கலாம், உடைந்த சைட் கவரைக் கம்பியால் கட்டலாம். பிரேக் அந்தக் கணக்கில் சேராது.

ஏன் என்று கேட்டால், ஒயில் அந்தத் தொகுதிக்குள் எரிந்து தீருகிற சாமான் இல்லை. பிரேக் பேட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்கும், அது இயல்பு. ஆனால் லீவருக்கு அடியில் ஈரம் என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஒரு சின்னப் பிஸ்டன், அதில் இரண்டு ரப்பர் கப். முன்னால் உள்ளது ஒயிலைத் தள்ளி அமுக்கத்தைக் கொடுக்கிறது. பின்னால் உள்ளது ஒயில் வெளியே வராமல் மறிக்கிறது. பின் கப் போனால் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். முன் கப் போனால் ஒரு துளியும் வெளியே வராது. பிடித்த லீவர் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இரண்டாவதுதான் எங்களுக்குப் பயம். இரண்டு கப்புக்கும் வயது ஒன்றுதானே. ஒன்று கசிகிறது என்றால் மற்றதை எப்படி நம்புவது?

"பின் பிரேக் இருக்குத்தானே" என்று சொல்கிறவர்கள் நிறைய. ஊரில் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்களும் உண்டு, மணலில் ஒருதரம் விழுந்த அனுபவத்தில். ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குத்தான் சாயும். நிறுத்துகிற வேலையின் பெரும்பங்கு முன் சில்லுக்கு. பின் பிரேக்கை மட்டும் அமத்தினால் சில்லு இறுகி வழுக்கும். அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

திருத்துவது பெரிய வேலையும் இல்லை. பிஸ்டன், ஸ்பிரிங், கப்கள், சர்க்ளிப், தூசு ரப்பர் எல்லாம் ஒரே கிட்டாக வரும். பழையதைக் கழற்றியதும் சிலிண்டரின் உட்சுவரை லைட் அடித்துப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படுகிற கீறலோ குழியோ இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, புதுக் கப்பும் சீக்கிரம் அரைபடும், முழுச் சிலிண்டரையும் மாற்றத்தான் வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்றில் நிற்கிற பைக்குகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ரப்பரைப் பெற்றோலால் கழுவக் கூடாது, எஞ்சின் ஒயில் பூசக் கூடாது. இரண்டும் ரப்பரை ஊதவைக்கும். புதுப் பிரேக் ஒயிலில் நனைத்துத்தான் உள்ளே இறக்க வேண்டும். என்ன ஒயில் என்று மூடியிலேயே எழுதியிருக்கும், டொட் 3 அல்லது டொட் 4. பெயரில் மயங்கி டொட் 5 ஊத்திவிடாதீர்கள், அது சிலிக்கோன், வேறு இனம். பல மாதம் திறந்து கிடந்த போத்தலும் வேண்டாம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கொதிநிலை குறையும். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை தாங்கும். ஈரம் ஏறியதற்கு விதித்திருக்கும் அளவு 155 தான். கடைசியில் எயார் எடுப்பது. பொறுமை இல்லாதவர்கள் பிழைவிடுவது அங்கேதான். லீவர் கல்லு மாதிரி நிற்கும்வரை விடக் கூடாது.

கராஜ்காரர்களைக் குறை சொல்வது சுலபம். எங்களுக்குத் தெரிந்த காக்கா ஒருவரிடம் கேட்டோம், ஏன் கிட் போடாமல் ஒயில் மட்டும் ஊத்தி அனுப்புகிறீர்கள் என்று. "நான் சொல்றன் சேர். பின்னேரம் வாறன், இப்ப ஓடுற மாதிரிச் செஞ்சு தாங்க எண்டு கொண்டு போறாங்க. அந்தப் பின்னேரம் வாறல்ல" என்றார். நாங்களும் அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை, நல்ல மனிசன்.

கேற்றில் முட்டிய தகப்பன் நேற்று வந்தார். சட்டைப் பைக்குள் இருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்து விரித்தார். பழைய பிஸ்டன். பின் கப்பின் விளிம்பு தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது, ஒரு இடத்தில் மயிரளவு வெடிப்பு. "இந்தச் சின்னச் சாமானா சேர்?" என்று கேட்டார். அதை அவரிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறோம், திரவ அமுக்கம் படிப்பிக்கிற அன்றைக்கு வகுப்பில் காட்ட.