ராசியன்று, வாய்ப்பு!

போடிநாயக்கனூர் இளைஞர்களைக் கேட்கிறோம்: சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியக் கிரிக்கெட் அணியில் இடம்பெற்றது எதனால்? "ராசி" என்பார் ஒருவர். "தகுதி இருந்தது, தானே ஏறினான்" என்பார் மற்றொருவர். இரு பேச்சும் ஓரிடத்தில்தான் போய் முடியும்: "உனக்கு ராசியில்லை, தகுதியில்லை, மலைச்சரிவிலேயே கிட!" ஆகவேதான் இரண்டையும் மறுக்கிறோம்.

நடந்ததைப் பாருங்கள். சேலம் மாவட்டத்துச் சிற்றூர். தறிக்கூலித் தந்தை, சாலையோரக் கடை நடத்திய தாய். இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். ஊரிலிருந்த மூத்த ஆட்டக்காரர் ஒருவர் கைதூக்கிவிட்டார், சென்னை சென்றார். 2015-இல், முதல் ரஞ்சி ஆட்டத்துக்குப் பின், பந்தெறியும் முறை ஐயத்துக்குரியது என்றனர். பயிற்றுநர் துணையோடு திருத்திக்கொண்டார். 2020-இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகவே சென்றார். பிறர் காயமுற்றனர், களம் கிடைத்தது. ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியரானார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்சில் 3 விக்கெட்! 2021 மார்ச் 28, பூனே: கடைசி ஓவரில் இங்கிலாந்துக்குத் தேவை 14 ஓட்டம், அவர் கொடுத்தது 6! அறிமுகமாகி நான்கு மாதம் நிறையவில்லை. அடுத்த மாதமே முழங்காலில் அறுவை.

"பார்த்தீரா, கிரகத்தின் வேலை!" எனக் கிளம்புவர் சோதிடர். முழங்காலைச் சீராக்கியது மருத்துவம், பரிகாரமன்று. பிறர் காயம் இவருக்கு ராசியாம்! அந்நாளில் அவரை அங்கே நிற்கவைத்தது எது? பயிற்சி. பயிற்சியைத் தந்தது எது? வாய்ப்பு!

தகுதி பேசுவோரே, போடிக்கு வாருங்கள். ஏலக்காயைச் சலித்து, 8 மில்லிமீட்டர் காயை உயர்தரம் என்கிறார்கள். நன்று! பறிக்காத காயைச் சலிக்க முடியுமா? ஒரே சரத்தின் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகவே அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வந்து பறிக்கிறார்கள். நடராஜனும் 29 வயதில்தான் இந்தியாவுக்கு ஆடினார். ஏலக்காய்க்குக் காட்டும் பொறுமையை ஏழை மகனுக்குக் காட்டினீர்களா? விடியுமுன் ஜீப்பிலேறி, போடிமெட்டு வழியே கேரளத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் தாயின் மகனைத் தேடி எத்தனை முறை வந்தீர்கள்?

நடராஜன் 2023-இல் தம் ஊரிலே ஆடுகளம் அமைத்தார், பாராட்டுகிறோம். ஆனால், ஊர்தோறும் ஒரு நடராஜன் பொருளீட்டித் திரும்பும்வரை காத்திருப்பதா? களம் அமைப்பது அரசின் கடன்; நகராட்சியின் கடன். கேளுங்கள், தோழர்களே! சாதகத்தை மூடுங்கள், மனுவை எழுதுங்கள். சரிவெங்கும் களம் வரட்டும், பயிற்றுநர் வரட்டும். அதன்பின் சலியுங்கள்; தகுதி இன்னதென்று அன்று பேசுவோம்!